உப்புத் தண்ணி, ஒகேனக்கல் தண்ணி

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீரை ருசித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. தாகம் எடுத்தால் குடிப்போம், அவ்வளவுதான். 2017 ஜூனில் என் கணவருக்கு மாற்றலாகி, தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சிக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய கையோடு காபி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவர், "சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டியா?" என்றார். நான் போடவில்லை. குழாய்த் தண்ணீரே அப்படித்தான் இருந்தது.

மறுநாள் துவரம்பருப்பு. ஆறு விசில் விட்டும் முழுசு முழுசாகக் கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டார் என்று திட்டினேன். குக்கர் கேஸ்கட்டை மாற்றினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "போர் தண்ணியில வெச்சா பருப்பு எங்கங்க வேகும்? ஒகேனக்கல் தண்ணி புடிச்சு வெக்கலீங்களா?"

அப்போதுதான் இந்த ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு என்பதே தெரிந்தது. வீட்டுக் குழாய்களில் எந்நேரமும் வருவது எழுநூறு அடி போரின் உப்புத் தண்ணி. தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம்போல வருவது ஒகேனக்கல் தண்ணி. இதற்கு இன்னொரு பெயர் நல்ல தண்ணி. ஒகேனக்கல் தண்ணி என்றால் காவிரி. அங்கே அருவியாக விழுந்து, மேட்டூரில் தேங்கி, கடைசியில் எங்கள் கும்பகோணத்துக்கு வருகிற அதே ஆறு. ஊரில் படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்த தண்ணீருக்கு இங்கே குடத்தோடு வரிசையில் நின்றேன்.

இந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. தண்ணீரில் புளோரைடு கூடுவதால் வரும் நோய் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, ஜப்பானின் ஜைகா நிறுவனக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி 2013-ல் தொடங்கி வைத்தார்கள். இவ்வளவு செலவு செய்து மலையேற்றித் தண்ணீர் கொண்டுவந்தது பருப்பு வேகவில்லை என்பதற்காக இருக்காது என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் நான் செய்த தப்புகளைத்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன்.

முதலில் கண்ணுக்குத் தெரிந்த தொல்லைகள். எவர்சில்வர் குழாயைத் துடைத்த மறுநாளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஷவரில் பாதி ஓட்டை அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பி ஐந்தே மாதத்தில் சுண்ணாம்புக் கட்டி பிடித்து வெடித்தது. டீ ஆறினால் மேலே ஒரு ஏடு படரும். சோப்பு நுரைக்காது, நுரைக்கு பதிலாகப் பிசுபிசுவென்று ஒரு அழுக்கு வாளி ஓரத்தில் ஒட்டும். முடி வைக்கோலாகி, சீப்போடு கொத்தாக வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். பாறை இடுக்கில் வெகுகாலம் கிடந்த தண்ணீர், அங்கிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கடினத்தன்மை என்று சொல்வது இதைத்தான். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து அந்தப் பிசுபிசுப்பாகிறது. பருப்பு குழையவிடாமல் அதன் சதையை இறுக்கிப் பிடிப்பதும் கால்சியம்தான். காய்ச்சும்போது ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிகிறது. அதனால் காய்ச்சி, ஆறவிட்டு, அடிமண்டியை விட்டுவிட்டு இறுத்தால் கடினத்தன்மை கொஞ்சம் குறையும். சல்பேட்டாக, குளோரைடாகக் கரைந்திருக்கும் பங்கு எவ்வளவு காய்ச்சினாலும் போகாது.

தலைக்கு வழி சொன்னதும் அந்த அக்காதான். "இந்த ஊரு தண்ணிக்கு ஷாம்பு எல்லாம் ஆவாதுங்க, அரப்பு போடுங்க." நான் பாட்டி வைத்தியம் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் விஷயம் சரிதான். அரப்பிலும் சீயக்காயிலும் நுரை தருவது சபோனின். அது சோப்புபோலக் கால்சியத்தில் திரிந்துபோவதில்லை. கடைசியாக ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். இரண்டு மாதத்தில் சீப்பு காலியாக வர ஆரம்பித்தது.

இதோடு நின்றிருந்தால் தேவலை. நான் முந்நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன்.

பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் லிட்டருக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். ஒரு வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே அளந்தேன். எங்கள் போர் 1,480. ஒகேனக்கல் தண்ணி 290. கடையில் வாங்கும் இருபது லிட்டர் கேன் 30. பக்கத்து வீட்டு அக்காவின் போர் 640. கடைசி எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இருபதடி தள்ளி இருக்கிற போரில் பாதிக்கும் குறைவான உப்பு! வாயில் வைத்தால் லேசாக இனிக்கவும் செய்தது. பருப்பு வெந்தது, சோப்பு நுரைத்தது. ஒகேனக்கல் தண்ணி ஒருநாள் தவறினாலும் கவலைப்படாமல் அக்கா வீட்டில் இரண்டு குடம் எடுத்துவந்து குடிக்க, சமைக்க வைத்துக்கொண்டோம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். எட்டு மாதம் ஓடியது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது.

இடையில் ஒருநாள், கரைந்த உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. இயந்திரம் விற்க ஓர் இளைஞர் வந்தார். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் இன்னொன்றில். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் ஒரே நிமிடத்தில் காவி நிறமாகி, பச்சையும் கறுப்புமாகக் கசடு மிதந்தது. அவருடையது பளிங்குபோல இருந்தது. "இதைத்தான் மேடம் பாப்பாவுக்குக் குடுக்கறீங்க" என்றார். என் வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, என் கணவர் பள்ளியில் வேதியியல் ஒழுங்காகப் படித்தவர். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அந்தப் பளிங்குத் தண்ணீரில் போட்டு, "இப்ப ஒருக்கா விடுங்க தம்பி" என்றார். அதுவும் காவியானது. கசடு தண்ணீரிலிருந்து வரவில்லை, அந்தக் கம்பியில் உள்ள இரும்பு கரைந்து வருகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடாது, அதனால் கம்பியும் கரையாது. பாவம் அந்தப் பையன், அவனுக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். டீ குடித்துவிட்டுப் போனான்.

அந்த வேடிக்கைக்குப் பிறகுதான், எண்ணைப் பார்த்துக் குடிப்பதைவிட ஒழுங்காகச் சோதித்துவிடலாமே என்று தோன்றியது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் உண்டு. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் கொடுத்துச் சோதிக்கலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. எடுத்துப் போவதில்தான் கவனம் வேண்டும். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன். அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குச் சாதாரணப் பாட்டில் ஆகாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, பிடித்த தண்ணீரை ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். நான் முதல்முறை ரசாயனத்துக்கு மட்டும் கொடுத்தேன். கிருமியை நினைக்காமல் விட்டதற்கு விலை பின்னால் வரும்.

மூன்று கேன் கொடுத்தோம்: எங்கள் போர், அக்கா போர், ஒகேனக்கல் தண்ணி. அறிக்கையில் எங்கள் போரின் கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை 200-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். ஆக எங்களுடையது அதையும் தாண்டியது. எதிர்பார்த்ததுதான். அக்கா போரின் கடினத்தன்மை 150, அருமை. அடுத்த வரியில் புளோரைடு. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கலாம், அதிகபட்சம் 1.5. எங்கள் உப்புத் தண்ணியில் 0.9. அக்காவின் இனிப்புத் தண்ணியில் 2.3.

எண் மாறி அச்சாகிவிட்டதோ என்று ஆய்வகத்துக்கே போய்க் கேட்டோம். அங்கிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். இந்தப் பக்கத்துப் பாறைகளிலேயே புளோரைடு உண்டு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும், தண்ணீரில் அதிகம் தங்கவிடாது. கால்சியம் குறைந்து, சோடியம் கூடிய மென்மையான தண்ணீரில் அதைத் தடுக்க ஆளில்லை, தாராளமாகக் கரையும். எப்போதும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் அடிக்கடி இப்படி நடக்கிறதாம். அப்படியானால் பருப்பு வெந்ததற்கும் புளோரைடு ஏறியதற்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றே. எட்டு மாதமாக நான் தேடித்தேடிப் போய் எடுத்து வந்தது அதைத்தான். மீட்டரும் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று, மின்சாரம் கடக்கும் அளவை வைத்து ஒரு மதிப்பு சொல்கிறது. என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 640-இல் 2.3 என்பது அதன் கண்ணில் தூசி. கிருமியோ அதற்குத் தெரியவே தெரியாது.

அக்காவின் மூத்த பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முன்பற்களில் குறுக்கே பழுப்புப் பட்டைகள். பையன் சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு. போட்டோவுக்கு நின்றால் வாயை மூடிக்கொண்டே சிரிப்பான். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, சுமார் எட்டு வயது வரை, குடிக்கிற தண்ணீரில் புளோரைடு கூடினால் இந்தக் கறை உள்ளேயே விழுந்துவிடும், தேய்த்தால் போகாது. இன்னும் கூடுதலாக, ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சித்தானுங்க குடுப்பேன், எப்பவும்" என்றார். காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையக் குறைய இன்னும் கெட்டியாகிறது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

அவருடைய சின்னவனுக்கு அப்போது ஒரு வயது. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் குடிக்க ஒகேனக்கல் தண்ணி மட்டும்தான்.

முடிவு எடுத்தாயிற்று, ஆனால் வீட்டுக் குழாயமைப்பு ஒத்துழைக்கவில்லை. எங்கள் வீட்டில் நல்ல தண்ணிக் குழாயும் போர்க் குழாயும் ஒரே சம்ப்புக்குள் விழும்படி வைத்திருந்தார்கள். நான்கு நாள் காத்திருந்து வருகிற காவிரி, விழுந்த நிமிடமே போரோடு கலந்து 900-க்குப் போய்விடும். இந்த ஊரில் நிறைய வீடுகளில் இதே கதைதான். கட்டும்போது ஒரு குழியில் முடித்துவிடலாம் என்று முடித்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, பாதிச் செலவு எங்களுடையது என்று பேசி, ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றைத் தனியாக வைத்து, சமையலறைக்கு மட்டும் ஒரு குழாய் இழுத்தோம். வாடகை வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று பிளம்பர் அண்ணனே கேட்டார். ஆறு வருடத்தில் நாங்கள் தண்ணீருக்காகச் செய்த உருப்படியான செலவு அது ஒன்றுதான் என்பேன். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தாராளம். ஐந்நூறு லிட்டர் பத்து நாள் தாங்கும். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் உப்புத் தண்ணிதான்.

மீட்டரைத் தூக்கிப் போடவில்லை. அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. தெருக்குழாயில் வழக்கமாக 290 காட்டும் தண்ணீர் திடீரென்று 700 காட்டினால், ஆற்றுத் தண்ணீர் பற்றாமல் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்குப் பிடிக்காமல் அடுத்த முறைக்குக் காத்திருப்போம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வாரத்தில் எனக்கும். நல்ல தண்ணியாச்சே என்ற நம்பிக்கையில் காய்ச்சாமல் குடித்துக்கொண்டிருந்தோம். எச்.டு.எஸ். சோதனைப் பாட்டில் என்று சின்னதாக ஒன்று கிடைக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் கறுத்துப்போகும். எங்களுடையது ராத்திரிக்குள் கறுத்தது. தெருக்குழாயில் நேராகப் பிடித்தது கறுக்கவில்லை. யாரைக் குறை சொல்வது? சின்டெக்ஸ் மூடியை நான்தான் சரியாகப் பொருத்தாமல் விட்டிருந்தேன். உள்ளே பார்த்தால் பல்லி, காக்காய் எச்சம், ஒரு விரற்கடை வண்டல்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவுகிறோம். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் நான்கு கிராம் போதும். அதை ஒரு குவளையில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான பவுடரில் வீரியம் இருக்காது. குழாய்த் தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை அடித்தால் முன்பு முகம் சுளிப்பேன், இப்போது நிம்மதியாக இருக்கிறது. பாத்திரத்தில் திறந்து வைத்தால் வாடை தானே போய்விடும். குடிப்பதை மழைக்காலத்தில் காய்ச்சிக்கொள்கிறோம்.

குழாய்க் கறைக்கு என்ன செய்கிறேன் என்று தோழிகள் கேட்பார்கள். பிழிந்த எலுமிச்சைத் தோலும், ரசம் வைத்தபின் மிஞ்சும் புளிச்சக்கையும் போதும். அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் வந்துவிடும். ஷவர் தலையைக் கழற்றி, கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போடுவேன். பாத்ரூம் ஆசிட் பக்கம் போக வேண்டாம், குழாயின் மேல்பூச்சைத் தின்றுவிடும். அதிலும் பிளீச்சிங் போட்ட தரையில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு மூச்சு முட்டி வெளியே ஓடிவந்திருக்கிறேன். கீசர் வைத்தால் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகப் பிடிக்கும். வீடு முழுக்கத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் உண்டு. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், டி.டி.எஸ். அப்படியேதான் இருக்கும், புளோரைடும் போகாது. துணிக்கும் கீசருக்கும் சரி. குடிக்கவும் செடிக்கும் வேண்டாம்.

ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புளோரைடு கூடிய போரைத் தவிர வேறு தண்ணீரே இல்லாத வீட்டுக்கு அது உதவும். எங்களுக்கு 290-இல் தண்ணீர் வரும்போது அது எதற்கு? ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள் என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது. அவசரத்துக்குக் கேன் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அடைத்து விற்கும் குடிநீருக்கான தரமான ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பேன். கேனின் அடியில் பச்சை படிந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கிட்னியில் கல் வரும் என்று உப்புத் தண்ணியைப் பற்றி ஊரே பேசும். கடினத்தன்மையால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

போன மாதம் அக்காவின் சின்னவனுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் முளைத்திருந்தன. வெள்ளை. அக்கா அவன் வாயைத் திறக்கச் சொல்லி எனக்குக் காட்டினார். அப்புறம் உள்ளே கூப்பிட்டு ரசம் ஊற்றிச் சோறு போட்டார். ரசம் அபாரமாக இருந்தது. எந்தத் தண்ணீரில் வைத்தது என்று கேட்டதும் கரண்டியைப் பார்த்தார்.

"ரசத்துக்கு மட்டும் நம்ம போர்லதாங்க. அந்த ருசி இதுல வராது."

சோறு வடிக்கிற தண்ணியும் குழம்புத் தண்ணியும்கூடக் கணக்குத்தான் அக்கா என்று எத்தனையாவது முறையாகவோ சொன்னேன். "ஆமாங்க, ஆமாங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.